எட்டு மணிக்கு நின்றுவிடும்

நான் வார்த்தைகளை விழுங்குகிறவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "வந்தாச்சு" என்பேன். யார் வந்தது, எங்கே வந்தது என்பதைக் கேட்கிறவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். "இவ பேசறது தந்தி மாதிரிலா, மிச்ச வார்த்தைய நாமதான் ஒட்டிக்கணும்" என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பஸ் ஓட்டியே ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர். ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லாரிடமும் வாயாடிப் பழகியவருக்கு எப்படி இப்படி ஒரு மகள் பிறந்தாள் என்பது அம்மாவுக்கே விளங்காத விஷயம்.

இந்தப் பழக்கத்தால் ஒரு புத்தாண்டுக் காலையில் நான் செத்துப் பிழைத்தேன். நான் மட்டும்தான் அப்படி என்று அன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணினி வலைப்பின்னலைக் கவனிப்பது என் வேலை. வீடு கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில். என் பொறுப்பில் இருந்தவற்றில் யாருமே கேள்வி கேட்காத ஒன்று, நேரம். மருத்துவமனையில் இருக்கிற ஒவ்வொரு இயந்திரமும் ஒரே மணியைக் காட்ட வேண்டும். ஒன்று ஊசி போட்டது ஆறு மணிக்கு என்றும், இன்னொன்று ஆறு ஐந்துக்கு என்றும் சொன்னால் வம்பு. அதனால் நேரத்துக்கென்றே ஒரு சர்வர் வைத்திருந்தோம். அது வெளியுலகத்திடம் மணி கேட்கும், மற்ற இயந்திரங்கள் எல்லாம் அதனிடம் கேட்கும். அவ்வளவுதான். சரியாக ஓடுகிற வரைக்கும் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஆனால் எப்போதாவது ஒருமுறை லீப் செகண்ட் என்று ஒன்று வரும். பூமி சுற்றுவதில் கொஞ்சம் சோம்பேறி. அணுக் கடிகாரங்களுக்கோ சோம்பல் என்பதே கிடையாது. இரண்டும் ரொம்ப விலகிப் போகக்கூடாது என்பதற்காக, ஜூன் கடைசியிலோ டிசம்பர் கடைசியிலோ, உலகக் கடிகாரத்தில் ஒரு நொடியைச் செருகுவார்கள். ஐம்பத்தொன்பதாவது நொடிக்குப் பிறகு பூஜ்யம் வராமல் அறுபது என்று ஒரு நொடி வரும். மனிதர்களுக்கு அது ஒரு கொட்டாவிக்குக்கூடப் போதாது. கணினிக்குத்தான் திண்டாட்டம், அதன் கணக்கில் அறுபதாவது நொடி என்று ஒன்று இல்லவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு ஒரு கம்பெனியில், நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜூலை முதல் தேதி காலை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக உறைந்தன. உள்ளே விசிறிகள் அலறின, வேலை மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. திரையில் எல்லாம் அப்படியே அழகாக இருந்தது. நின்றுவிட்டது என்பதே ரொம்ப நேரம் எங்களுக்குத் தெரியவில்லை, அதுதான் கொடுமை. அன்றிலிருந்து லீப் செகண்ட் என்றால் பல நாள் முன்பே பட்டியல் போட்டு ஒவ்வொரு இயந்திரமாகச் சோதிப்பேன்.

நான் சொல்லும் புத்தாண்டிலும் அது வந்தது. இதுவரை வந்தவற்றில் அதுதான் கடைசி. அந்த வருட முடிவில் அப்பா என் மருத்துவமனையிலேயே படுத்திருந்தார்.

அவருடைய இதயம் பழைய பஸ் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒழுங்காக அடித்துக்கொண்டே வரும், திடீரென்று நிற்கும், யோசிக்கும், மறுபடி கிளம்பும். அந்த நிறுத்தம் நீண்டுபோனால் ஆபத்து. பேஸ்மேக்கர் பொருத்த வேண்டும், விடுமுறை முடிந்ததும் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் கழுத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டிருந்தார்கள். அது துடிப்பைக் கம்பியில்லாமல் அனுப்பும், நர்ஸ்கள் உட்காரும் கவுண்டரில் உள்ள திரையில் பச்சைக் கோடாக ஓடும். இதயம் நின்றால் அங்கே மணியடிக்கும், ஓடி வருவார்கள். கட்டில் பக்கத்தில் வேறு எந்தக் கருவியும் கிடையாது. அந்த வார்டில் நாலு பேர் அப்படிப் பெட்டி மாட்டியிருந்தார்கள்.

அந்தத் திரையை ஓட்டுவது கீழே சர்வர் அறையில் இருந்த ஒரு இயந்திரம். அதை விற்ற கம்பெனியைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது, பாஸ்வேர்டும் அவர்களிடம்தான். மற்ற எல்லா இயந்திரங்களையும் நான் லீப் செகண்டுக்குத் தயார்படுத்திவிட்டேன், இதை மட்டும் முடியவில்லை. அது பழையது, உறையக்கூடிய வகை. அந்தக் கம்பெனிக்காரரிடம் எத்தனையோ தடவை சொன்னேன். கடைசியில் அவர், "டோண்ட் வரி லா. அந்த டைம்ல மணி கேக்கறத ஆஃப் பண்ணி வைக்கிறேன், முடிஞ்சதும் ஆன் பண்றேன்" என்றார். நல்ல யோசனைதான். "எட்டு மணிக்கு" என்று நான் சொன்னேன். "ஓகே, எய்ட் ஓ கிளாக்" என்றார். பேச்சு முடிந்தது.

உலகக் கடிகாரத்துக்கு டிசம்பர் மாதம் முடிவது லண்டனில் நடுநிசி அடிக்கும்போது. நமக்கு அப்போது ஜனவரி முதல் தேதி காலை எட்டு மணி. "காலை" என்ற அந்த ஒரு வார்த்தையை நான் விழுங்கிவிட்டேன்.

புத்தாண்டு அன்று அப்பாவைப் பார்க்க கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கிள்ளானுக்குப் போகும் முதல் கொமுட்டர் ரயில்களில் ஒன்றில் ஏறினேன். எட்டு மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும், எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம். ராத்திரி பட்டாசு பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஆளுக்கொரு மூலையில் தூங்கி வழிந்தார்கள். சுபாங் ஜெயா தாண்டிய பிறகுதான் கைப்பேசியைத் திறந்தேன். கம்பெனிக்காரரிடமிருந்து ராத்திரியே செய்தி வந்திருந்தது. எட்டிலிருந்து உட்கார்ந்திருந்தாராம். பன்னிரண்டு தாண்டியதாம், ஒரு பிரச்சினையும் இல்லையாம், எல்லாவற்றையும் பழையபடி ஆன் செய்துவிட்டாராம். ஹேப்பி நியூ இயர் என்று போட்டு, பக்கத்தில் ஒரு வாணவேடிக்கைப் படம்.

அவர் காத்திருந்தது ராத்திரி எட்டு மணிக்கு, நொடி வரப்போவது காலை எட்டுக்கு. லீப் செகண்ட் சும்மா வராது. ஒரு நொடி கூடப்போகிறது என்று நேர சர்வர் முந்தைய நாளே எல்லா இயந்திரங்களுக்கும் சொல்லி அனுப்பிவிடும். அவர் ஆன் செய்த மறு நிமிடமே அந்தச் செய்தி அந்த இயந்திரத்தின் காதில் விழுந்திருக்கும். ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் பிறகு அதை நான் என் பக்கமிருந்து அழிக்க முடியாது. எட்டு மணிக்கு அது தானாக அந்த நொடியைச் செருகப் பார்க்கும், பார்த்து உறைந்துபோகும்.

அவரை அழைத்தேன். கைப்பேசி அணைந்திருந்தது. கம்பெனியின் அவசர எண்ணை அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அவர், மறுபடி கம்பெனி. ஷா ஆலாமில் ரயில் நின்றபோது இறங்கி ஓடலாமா என்று தோன்றியது, ஓடினால் ரயிலைவிடச் சீக்கிரம் போய்விடுவேனா என்ன? பாடாங் ஜாவாவில் கதவு மூடாமல் கொஞ்ச நேரம் நின்றது. நான் எழுந்து கதவைக் கையால் தள்ளினேன். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்து, "அக்கா, ஓகேவா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அதுவும் ஒரு பதில்தான்.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் முதலில் சர்வர் அறைக்கு ஓடினேன். என்னோடு வேலை செய்கிற ஒருவர் அங்கே பணியில் இருந்தார். இயந்திரத்தின் மின்சாரத்தை இப்போதே பிடுங்கிவிடலாமா என்று இருவரும் யோசித்தோம். அது பழைய பூதம், அணைத்தால் மறுபடி எழுந்து வருமா என்று தெரியாது. வராவிட்டால் விடுமுறை முடிகிறவரை வார்டுக்கே கண் கிடையாது. உறையாமல் தப்பிக்கவும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கடைசியில், உறைந்தால் மட்டும் பிடுங்கி மறுபடி செருகலாம் என்று முடிவு செய்து அவரை அங்கேயே நிற்கவைத்துவிட்டு மேலே ஓடினேன்.

கவுண்டரில் வார்டு சிஸ்டர் இருந்தார். கிள்ளான்காரர், அப்பாவோடு நன்றாக வாயாடுவார். அப்பாவின் கட்டில் கவுண்டருக்குப் பக்கத்திலேயே, ஒரு திரைச்சீலைக்கு அந்தப்புறம். எட்டிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. சரி, தூங்குகிறார் என்று நிம்மதியாக இருந்தது. கவுண்டரில் உள்ள திரை நிற்கப்போகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் வார்டே கலவரமாகிவிடும். அதனால் அந்த வார்த்தையை வேண்டுமென்றே விட்டுவிட்டு, கண்ணால் திரையைக் காட்டி, மெதுவாகச் சொன்னேன்.

"சிஸ்டர், எட்டு மணிக்கு நின்னுடும்."

சிஸ்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னமா சொல்றீங்க? கண்டிப்பாவா?"

"கண்டிப்பான்னு சொல்ல முடியாது. ஆனா சான்ஸ் ஜாஸ்தி. நின்னாலும் பாக்க நல்லாத்தான் இருக்கும். அதான் பயம்."

"ஒண்ணும் செய்ய முடியாதா?"

"முடியாது சிஸ்டர். எல்லாருக்கும் ஃபோன் போட்டுப் பாத்துட்டேன். கை மீறிப் போச்சு."

"அப்பாகிட்ட சொல்லப் போறீங்களா?"

"வேணாம். பயந்துடுவாரு."

சிஸ்டர் ஒரு கணம்தான் யோசித்தார். பிறகு மளமளவென்று வேலை நடந்தது. தள்ளுவண்டியில் தனியாக இயங்கும் கருவி ஒன்றுதான் இருந்தது. அதை ரொம்ப மோசமாக இருந்த ஒரு அம்மாவுக்கு மாட்டச் சொன்னார். அப்பாவுக்கு மாட்டுங்கள் என்று கெஞ்ச வாய் வந்தது, கெஞ்சவில்லை. மற்ற இருவரிடமும் ஆளுக்கொரு நர்ஸ் போனார். "நீங்க அப்பா பக்கத்துல உக்காருங்க. கையைப் புடிச்சுக்கிட்டே இருங்க, விடாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சிஸ்டர் திரைக்கு முன்னால் நின்றுகொண்டார்.

நான் சீலையை விலக்கியபோது அப்பா விழித்திருந்தார். என் முகத்தையே பார்த்தார். வழக்கமாக என்னைப் பார்த்ததும் "தந்தி வந்துருச்சா?" என்று கேட்பவர் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

"மூஞ்சியத் தொடச்சு விடும்மா" என்றார்.

ஈரத்துண்டால் துடைத்துவிட்டேன். தலை வாரச் சொன்னார். வாரினேன். மேசையில் இருந்த திருநீற்றைப் பூசச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனிதருக்கு இந்த நேரத்தில்தான் அலங்காரம் வேண்டுமா? என் கண்ணெல்லாம் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பார்க்காமல் பூசியதில் திருநீறு அவர் மூக்கிலும் கொட்டியது. அதையும் அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"உங்கம்மாவுக்கு ஃபோன் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "நேத்து அனுப்புன ரசம் நல்லா இருந்துச்சு" என்றார். அம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும். "சும்மாதான். சொல்லணும்னு தோணுச்சு" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் அம்மாவின் சமையலை நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உப்பு இருந்தால் சாப்பிடுவார், இல்லாவிட்டால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். வேறு நாளாக இருந்தால் நான் கேலி செய்திருப்பேன்.

எட்டுக்குச் சில நிமிடங்கள் இருந்தன. நாடியைப் பிடிக்க அவர் மணிக்கட்டைத் தேடினேன். தேட வேண்டியிருக்கவில்லை, அவரே கையை நீட்டினார். இரண்டு விரலை வைத்தேன். துடிப்பு கிடைத்தது. ஆனால் இத்தனை நாளாக மெதுவாக நடந்துகொண்டிருந்த நாடி அன்று ஓடியது. குதித்தது, ஒரு துடிப்பை விட்டது, மறுபடி ஓடியது. இப்போதேவா? திரை நிற்பதற்கு முன்பே இவருக்கு ஏதோ ஆகிறதா? சிஸ்டரைக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் திரையை யார் பார்ப்பது?

"மணி என்னம்மா?"

"பேசாதீங்கப்பா!" என்று அதட்டிவிட்டேன்.

"பயமா இருந்தா கண்ண மூடிக்க" என்றார் மெதுவாக. நான் பயப்படுவது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்க நேரமில்லை. கடிகாரத்தின் பெரிய முள் மேலே ஏறியது. நானும் அப்பாவும் ஒன்றாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்பும் அறிந்ததில்லை, பின்பும் அறிந்ததில்லை. அம்மாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேனே, ஏதாவது ஆகிவிட்டால் என்ன சொல்லுவேன் என்பது மட்டும் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது.

கவுண்டரிலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது. "நின்னுடுச்சு!"

அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நான் விரல் நுனியில் கவனத்தை வைத்தேன். இருந்தது. துடித்துக்கொண்டே இருந்தது. அந்தப்புறம் திரையில் நாலு பேருடைய பச்சைக் கோடுகளும் பாதி வழியில் அப்படியே நிற்கின்றன என்று சிஸ்டர் கீழே சர்வர் அறைக்குப் போனில் சொல்வது கேட்டது. மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி செருகச் சொன்னார். இயந்திரம் மறுபடி எழுந்து வரும்வரை என் இரண்டு விரல்தான் அப்பாவுக்குக் காவல். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எத்தனை என்று நினைவில்லை, விட்டுவிட்டு முதலிலிருந்து மறுபடி எண்ணியது மட்டும் நினைவிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுப்பா."

"அப்ப நான் எப்படிம்மா பேசறேன்?"

எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. உண்மையாகவே கேட்கிறார். திரைச்சீலையைப் பார்த்தேன், அதற்கு அந்தப்புறம் இருந்த கவுண்டரைப் பார்த்தேன். நான் சிஸ்டரிடம் சொன்னது ஒவ்வொன்றாகக் காதில் திரும்ப ஒலித்தது. எட்டு மணிக்கு நின்னுடும். பாக்க நல்லாத்தான் இருக்கும். கை மீறிப் போச்சு. வேணாம், பயந்துடுவாரு.

முகம் துடைத்தது, தலை வாரியது, திருநீறு, ரசம் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

"ஐயோ, நீங்க இல்லப்பா! திரை! சிஸ்டர் பாக்கற ஸ்கிரீன்!" என்று கத்தினேன். கத்திய கையோடு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, எழுவாய் பயனிலை எல்லாம் ஒன்றுவிடாமல் போட்டு, பூமியின் சோம்பலிலிருந்து ஆரம்பித்துக் கம்பெனிக்காரரின் வாணவேடிக்கை வரைக்கும் முழுசாகச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒரு செகண்டா?" என்றார் கடைசியில். "கூடக் குடுத்தானுங்களா, எடுத்தானுங்களா?"

"கூடக் குடுத்தாங்க."

"பரவால்ல. நான் பஸ் ஓட்ட வந்த புதுசுல, ஒரு நியூ இயர் ராத்திரி, பதினொன்றரைய பன்னெண்டுன்னு மாத்திட்டானுங்க, நாடு பூரா. எங்கயும் நிக்காமலே என் பஸ் அரை மணி நேரம் லேட்டு. அந்த அரை மணிய எடுத்தவனுங்க இப்பவாச்சும் ஒரு செகண்டத் திருப்பிக் குடுத்தானுங்களே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "உங்களுக்குப் பயமாவே இல்லையாப்பா? என்னையக் கண்ண மூடிக்கச் சொன்னீங்களே."

"பயமில்லாம? பயந்து செத்தேன்லா" என்றார். "எங்கடா போறோம்னு இருந்துச்சு. அதான் கையக் குடுத்தேன்."

"நான் நாடி பாக்கத்தானே புடிச்சேன்."

"நீ என்னத்துக்குப் புடிச்சியோ. நான் புடிச்சிருந்தது வேற."

கீழே பார்த்தேன். நாடியில் வைத்திருந்த என் இரண்டு விரல்களை அவருடைய மற்றொரு கை மேலே மூடி இறுக்கியிருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை. என் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன, எனக்கு வலிக்கக்கூட இல்லை.

சற்று நேரத்தில் சிஸ்டர் சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார். திரை மறுபடி ஓடத் தொடங்கிவிட்டதாம், அப்பாவின் கோடும் வந்துவிட்டதாம், இனிமேல் கையை விட்டுவிடலாம் என்றார். சரி சிஸ்டர் என்றேன். இருவருமே விடவில்லை.